பாட்டுக் கேட்கலாம், அழிக்க முடியாது: வீட்டு இசைத் தொகுப்புக்கு அனுமதி வைப்பது எப்படி?

எங்கள் வீட்டு பேஸ்மென்டில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கணினி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் வேலை செய்யும் கணக்கு அலுவலகத்தில் கழித்துவிட்ட கணினி அது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு, 4 டெராபைட் வன்தட்டு ஒன்றைப் பூட்டியிருக்கிறேன். வீட்டிலுள்ள பாட்டு முழுவதும் அதற்குள்தான். மனைவி குசினியில் கைபேசியிலே கேட்பார். மகள் தன் அறையில் லப்டொப்பில் கேட்பாள். எங்களோடு தங்கிக் கல்லூரிக்குப் போகும் தங்கச்சியின் மகன், காதில் எதையோ செருகிக்கொண்டு பஸ்சில் கேட்பான்.

இரண்டு ஸ்காபரோக் குளிர்காலங்கள் செலவழித்து நான் உள்ளே ஏற்றிய தொகுப்பு அது. ஏறக்குறைய 300 கசற்றுகள், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சீடிகள். அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம், தெட்சணாமூர்த்தியின் தவில், சின்னமணியின் வில்லுப்பாட்டு, மனோகரனின் பொப்பிசை, எங்கள் தலைமுறையின் இளையராஜா எல்லாம் உண்டு. அவற்றோடு ஒரு கலியாண வீட்டுப் பதிவு, ஒரு கோயில் திருவிழாப் பதிவு, பிறகு அம்மாவின் கசற்.

அம்மாவின் கசற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. நான் 1992இல் வணிகமாணிப் பட்டத்தோடு வெளிக்கிட்டவன். அடுத்த வருடம் அம்மா கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பினார். அந்தக் காலத்தில் பல குடும்பங்கள் அப்படித்தான் செய்தன. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் ரேப் ரெக்கோடரை ஓடவிட்டுப் பதிந்தார்கள். சுற்றியவன் என் தம்பி. அவன் களைத்த இடங்களில் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. ஆகவே இங்கே சரியான வேகத்தில் போட்டுக் கேட்கும்போது, அந்த இடங்களில் அம்மாவின் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல மேலே ஏறும். கிளாலி கடந்து கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்ட கசற் அது. ஒரு பக்கம் 30 நிமிடம், இரண்டு பக்கம்.

முதல் பக்கத்தைக் கணினியில் ஏற்றி முடிந்த அன்றே கசற் பிளேயர் நாடாவை இழுத்துச் சப்பிவிட்டது. பரவாயில்லை, கணினியில் இருக்கிறதுதானே என்று ஆறுதல்பட்டேன். தவறுதலாக யாரும் மேலெழுதிவிடக்கூடாது என்று அந்தக் கோப்பை 'வாசிக்க மட்டும்' என்று மாற்றியும் வைத்தேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு, மருமகன் எனக்கு உதவி செய்ய நினைத்தான். என் தொகுப்பில் பெயர்கள் குப்பையாகக் கிடந்தன. 2000ஆம் ஆண்டுகளில் வாங்கிய எம்பி3 சீடிகளில் பாட்டுப் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். பேஸ்மென்டில் அந்தக் கணினிக்கு முன்னாலேயே இருந்து, பாட்டுப் பெயர்களைத் திருத்தி, இரட்டைப் பிரதிகளைத் தேடி அழிக்கும் ஒரு மென்பொருளை அவன் ஓடவிட்டான். பெயர் விவரம் எதுவும் இல்லாத, ஒரே மாதிரி 'பக்கம் 1' என்று இருந்த கோப்புக்களை அது இரட்டைப் பிரதி என்று முடிவெடுத்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டது.

எனக்குத் தெரியவந்தபோது 3 கிழமை கடந்துவிட்டது. அதற்குள் வன்தட்டில் வேறு பாட்டுக்கள் ஏறி, பழைய இடத்தை நிரப்பியிருந்தன. ஒஸ்லோவில் இருக்கும் அக்காவுக்கு நான் வட்ஸ்அப்பில் வெட்டி அனுப்பிய 4 நிமிடம் மட்டும் மிச்சம். இரண்டாம் பக்கம் கசற்றில் நல்லபடி இருந்ததால் அதைத் திரும்ப ஏற்ற முடிந்தது.

மருமகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் பிழை என்னுடையது. தொகுப்பு முழுவதற்கும் 777 என்ற அனுமதியை வைத்தவன் நான். 'எல்லாருக்கும் எல்லாம்' என்பதுதான் அந்த இலக்கத்தின் கருத்து. பாட்டு ஓடவில்லை என்றால் 777 போடு என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். போட்டால் உடனே ஓடும். ஓடும் என்பதால்தான் அது ஆபத்தான புத்திமதி.

சரி, அந்த 7 எங்கிருந்து வருகிறது?

லினக்ஸ், தன் அனுமதி முறையை யுனிக்ஸிலிருந்து எடுத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ், விலை கூடிய ஒரு கணினியைப் பலர் பங்கிட்டுப் பாவித்த காலத்தது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பை அது கணக்கில் எடுக்கும். கோப்பின் உரிமையாளர், ஒரு குழு, மற்ற எல்லாரும். ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று அனுமதிகள். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. 775 என்றால் உரிமையாளருக்கு 7, குழுவுக்கு 7, மற்றவர்களுக்கு 5, அதாவது 4உம் 1உம். இந்த இலக்கங்களை மாற்றும் கட்டளையின் பெயர் 'சேஞ்ச் மோட்' என்பதன் சுருக்கம். சிஎச்மோட் என்று சொல்வார்கள். இவ்வளவும் ஒரு சின்னக் கூட்டல் கணக்குத்தான்.

பலரும் வழுக்கும் இடம் வேறு. அந்த மூன்று அனுமதிகளும் ஒரு கோப்புக்கு ஒரு கருத்து, கோப்புறைக்கு வேறு கருத்து. கோப்பில் 'எழுத' என்றால் உள்ளே இருப்பதை மாற்றலாம். கோப்புறையில் 'எழுத' என்றால் அதற்குள் புதிதாகப் போடலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம். கோப்புறையில் 'இயக்க' என்றால் உள்ளே நுழையலாம். ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் அனுமதி தேவையே இல்லை, அது இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதி இருந்தால் போதும்.

இதை முதன்முதல் விளங்கிக்கொண்டபோது எனக்கு அலுவலகத்து வவுச்சர் பைல் ஞாபகம் வந்தது. வவுச்சர் ஒன்றில் 'திருத்தக்கூடாது' என்று சிவப்பு முத்திரை குத்தலாம். அதில் உள்ள தொகையை யாரும் பேனையால் மாற்ற முடியாது. ஆனால் பைல் திறந்து கிடந்தால், அந்த முழுத்தாளையும் உருவிக் குப்பையில் போட முத்திரை தடையாக இருக்காது. அம்மாவின் கோப்புக்கு நான் முத்திரை குத்தினேன். பைலைத் திறந்து வைத்தேன். கட்டளை அடித்துக் கையால் அழித்திருந்தால், 'இது எழுதும் அனுமதி இல்லாத கோப்பு, அழிக்கவா?' என்று கணினி ஒருதரம் கேட்டிருக்கும். மென்பொருளுக்கு அந்தக் கேள்வியும் வராது.

பிழையைக் கண்டவுடன் நான் செய்தது அடுத்த பிழை. முழுவதையும் 700 ஆக்கினேன், எனக்கு மட்டும் எல்லாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அன்று பின்னேரம் குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "இஞ்சருங்கோ, உங்கட பாட்டுப் பெட்டியைப் பூட்டிப்போட்டீங்களோ?" பாட்டை ஒலிபரப்பும் மென்பொருள் கணினிக்குள் தனக்கென்று ஒரு பயனர் கணக்கில் ஓடுகிறது. நான் என் பெயரில் பூட்டியபோது அதுவும் வெளியே நின்றுவிட்டது. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவன் உடுப்புத் தோய்க்கத் தவிர பேஸ்மென்டுக்கு இறங்குவதை நிறுத்திவிட்டான். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

கணக்கியலில் கடமைகளைப் பிரித்து வைத்தல் என்று ஒரு பாடம் உண்டு. காசை வாங்குபவர், கணக்கில் பதிபவர், ரத்துச் செய்ய அதிகாரம் உள்ளவர், மூவரும் ஒருவராக இருக்கக்கூடாது. இங்கே வந்த புதிதில் நான் பகுதிநேரமாகக் கணக்கு எழுதிய ஒரு பலசரக்குக் கடையில், காசாளரே பில்லை ரத்துச் செய்யலாம். மாதக் கடைசியில் இருப்பு உதைக்கும். முதலாளி பெடியனைச் சந்தேகப்பட்டார். பிறகு பார்த்தால் பெரும்பாலானவை அவசரத்தில் பிழையாக அமத்திய பொத்தான்கள். ரத்துச் செய்வதற்கு ஒரு சாவி வைத்தோம், பெடியனுக்குத் தலைநிமிர்ந்து வேலை செய்ய முடிந்தது. அனுமதி வைப்பது திருடனைப் பிடிக்க என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது நல்ல பிள்ளைகளை நம் சந்தேகத்திலிருந்து காப்பாற்றத்தான் உதவுகிறது.

அந்தக் கண்ணோடு வீட்டுப் பாட்டைத் திரும்பப் பார்த்தேன். கேட்பவர்கள் ஆறேழு பேர், விருந்தினரையும் சேர்த்தால். புதிய பாட்டுக் கொண்டுவருபவர்கள் நாலு பேர். பெயர் திருத்தி ஒழுங்குபடுத்துபவர்கள் இரண்டு பேர் போதும். பாட்டுக் கேட்பதற்கு எழுதும் அனுமதி ஒருபோதும் தேவையில்லை. 'எனக்குப் பிடித்தது' என்று இதயக்குறி போடுவது, எத்தனை தரம் கேட்டோம் என்பது எல்லாம் ஒலிபரப்பும் மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில் பதிகின்றன, பாட்டுக் கோப்பில் அல்ல. ஆனால் பாடகர் பெயரைத் திருத்தினால் அது பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகிறது. அதற்குத்தான் எழுதும் அனுமதி வேண்டும்.

முதலில் இடம். பாட்டை என் சொந்த வீட்டுக் கோப்புறையிலிருந்து எடுத்து, 'எஸ்ஆர்வி' என்ற பொதுக் கோப்புறைக்குள் வைத்தேன். மற்றவர்களுக்கு வழங்கும் தரவுகளை வைக்கவே லினக்ஸில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாகும் பயனரின் வீட்டுக் கோப்புறை 750 என்றுதான் வரும், வெளியார் உள்ளே நுழைய முடியாது. பாட்டுக் கோப்புறையை எவ்வளவு திறந்து வைத்தாலும், அதற்கு மேலே உள்ள ஒரு கோப்புறை பூட்டியிருந்தால் ஒலிபரப்பும் மென்பொருள் போய்ச் சேராது. அறையைத் திறந்துவிட்டு வாசற்கதவைப் பூட்டிய கதை. பாட்டு ஏன் தெரியவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதை.

பிறகு இரண்டு குழுக்கள் உண்டாக்கினேன். 'திருத்துவோர்' ஒன்று, 'வீட்டார்' மற்றது. கணினியில் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்திருக்கிறேன். ஒருவரைக் குழுவில் சேர்த்தால், அவர் வெளியேறித் திரும்ப உள்நுழையும்வரை அது பலிக்காது. ஒலிபரப்பும் மென்பொருளையும் நிறுத்தித் திரும்பத் தொடங்கவேண்டும். இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை முழுவதையும் வீணாக்கினேன்.

முதன்மைத் தொகுப்புக்கு உரிமையாளர் நான், குழு 'திருத்துவோர்'. கோப்புறைகளுக்கு 2775, கோப்புக்களுக்கு 664. ஒலிபரப்பும் மென்பொருள் எந்தக் குழுவிலும் இல்லை, 'மற்றவர்' என்ற வகையில் வாசிக்க மட்டும் செய்யும். இதில் ஒரு பெரிய பலன் உண்டு. சில ஒலிபரப்பு மென்பொருட்களில் 'அழி' என்று ஒரு பொத்தான் இருக்கும். கைபேசியில் விரல் தவறி அதை அமத்தினாலும், மென்பொருளுக்கே எழுதும் அனுமதி இல்லாதபடியால் ஒன்றும் நடக்காது.

முன்னால் நிற்கும் அந்த 2 என்ன? புதிதாக ஒரு கோப்பை உருவாக்கினால், அது உருவாக்கியவரின் சொந்தக் குழுவுக்குப் போய்விடும். மருமகன் போட்ட பாட்டை நான் திருத்த முடியாது, நான் போட்டதை அவன் திருத்த முடியாது. கோப்புறையில் 2 வைத்தால், உள்ளே உருவாகும் எதுவும் அந்தக் கோப்புறையின் குழுவையே எடுத்துக்கொள்ளும், உள்ளே உருவாகும் கோப்புறைகளும் அதே 2ஐச் சுமந்துகொள்ளும். 2 மட்டும் போதாது. புதிய கோப்புக்கு என்ன இலக்கம் கிடைக்கும் என்பதை 'யூமாஸ்க்' என்ற இன்னொரு இலக்கம் தீர்மானிக்கிறது. அது கழிவு மாதிரி. 666இலிருந்து 022ஐக் கழித்தால் 644, குழுவுக்கு எழுத முடியாது. 002ஐக் கழித்தால் 664. குழுவாகச் சேர்ந்து வேலை செய்யவேண்டிய இடத்தில் 002 வைக்கவேண்டும்.

விண்டோஸ் லப்டொப்பிலிருந்து வலையமைப்பு வழியாகப் பாட்டை இழுத்துப் போடுபவர்களுக்கு இடையில் நிற்பது 'சம்பா' என்ற மென்பொருள். அதற்கு யூமாஸ்க் ஒரு பொருட்டல்ல. அதன் அமைவுக் கோப்பில் 'கிரியேட் மாஸ்க்' என்று ஒன்று உண்டு. நாம் ஒன்றும் எழுதாவிட்டால் அது 0744, கோப்புறைகளுக்கு 0755. இரண்டிலும் குழுவுக்கு எழுத முடியாது. நான் முறையே 0664, 2775 என்று எழுதினேன். முழுப் பங்கையும் 'வாசிக்க மட்டும்' என்று அறிவித்துவிட்டு, எழுதக்கூடியவர்களின் பட்டியலை மட்டும் தனியாகக் கொடுக்கலாம். அழித்தவற்றைக் குப்பைக்கூடைக் கோப்புறைக்கு நகர்த்தும் ஒரு துணைப்பகுதியும் சம்பாவில் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். ஆனால் மருமகன் செய்ததுபோல நேரடியாகக் கணினியில் அழித்தால் அந்தக் கூடை உதவாது.

அடுத்தது 'வரவு' என்ற கோப்புறை. புதிய பாட்டுக் கொண்டுவருபவர்கள் அதற்குள்தான் போடவேண்டும். குழு 'வீட்டார்', இலக்கம் 3775. முன்னால் நிற்கும் 3 என்பது முன்பு சொன்ன 2ஓடு 1ஐக் கூட்டியது. அந்த 1 இருந்தால், எல்லாரும் போடலாம், ஆனால் ஒருவர் போட்டதை இன்னொருவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. போட்டவரும் கோப்புறையின் உரிமையாளரான நானும் மட்டும்தான் செய்யலாம். கோயில் உண்டியல் மாதிரி என்று மனைவிக்குச் சொன்னேன். "உண்டியலில போட்டவர் திருப்பி எடுக்கேலாதே" என்றார். அதுவும் சரிதான்.

'வரவு' கோப்புறையிலிருந்து முதன்மைத் தொகுப்புக்கு எடுக்கும்போது நகர்த்தாதீர்கள், பிரதி எடுங்கள். ஒரே வன்தட்டுக்குள் நகர்த்தினால் கோப்பு தன் பழைய குழுவையும் பழைய இலக்கத்தையும் சுமந்துகொண்டு வரும், ஏனென்றால் புதிதாக எதுவும் உருவாகவில்லை, முகவரி மட்டும்தான் மாறுகிறது. பிரதி எடுத்தால் புதிய கோப்பு உருவாகிறது, புதிய கோப்புறையின் குழு கிடைக்கிறது. அப்படியும் இடைக்கிடை ஏதாவது தவறிவிடும். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கை இணக்குவதுபோல, நிருவாகியாக நுழைந்து, கோப்புறைகளுக்கு ஒரு கட்டளை, கோப்புக்களுக்கு ஒரு கட்டளை என்று இலக்கங்களைச் சரிப்படுத்திவிடுவேன். இரண்டுக்கும் ஒரே கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒருதரம் முழுவதற்கும் 664 கொடுத்தேன். கோப்புறைகளுக்கு இயக்கும் 1 இல்லாமல் போனதால் யாருக்கும் உள்ளே நுழைய முடியவில்லை, தொகுப்பு முழுவதும் காணாமல் போனதுபோல இருந்தது. அரைமணி நேரம் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

யூஎஸ்பி வன்தட்டில் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது எக்ஸ்ஃபற் முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால், இந்த இலக்கங்களைச் சேமிக்க அதில் இடமே இல்லை. எத்தனை தரம் கட்டளை கொடுத்தாலும் மாறாது. வன்தட்டைக் கணினியில் இணைக்கும்போது கொடுக்கும் அமைவுதான் முழுத் தட்டுக்கும் பொருந்தும். லினக்ஸுக்கென்றே பாவிப்பதாக இருந்தால், உள்ளே இருப்பதை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு இஎக்ஸ்ரி4 முறைக்கு மாற்றுவது நல்லது. கடையில் வாங்கும் என்ஏஎஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இலக்கம் ஒன்றும் தெரியத் தேவையில்லை, 'வாசிக்க மட்டும்', 'வாசிக்க எழுத', 'அனுமதி இல்லை' என்ற கட்டங்களில் சரி போட்டால் போதும். யார் எந்தக் கட்டத்தில் என்பதை யோசிக்கவேண்டியது மட்டும் எல்லாருக்கும் பொது.

இனி 'குரல்கள்'. கலியாண வீட்டுப் பதிவு, திருவிழாப் பதிவு, அம்மாவின் 4 நிமிடம், இரண்டாம் பக்கத்தின் 30 நிமிடம் ஆகியவை தனிக் கோப்புறையில். சினிமாப் பாட்டு அழிந்தால் திரும்ப எடுக்கலாம், ஆகவே திருத்துவோரை நம்பி அங்கே கொஞ்சம் தளர்வாக விடலாம். சில்லறைக் காசுக்கும் காணி உறுதிக்கும் ஒரே பெட்டி வைப்பதில்லைதானே. இந்தக் கோப்புறைக்கு உரிமையாளர் நானும் அல்ல. 'காப்பாளர்' என்று ஒரு கணக்கை உண்டாக்கியிருக்கிறேன். அதில் யாரும் அன்றாடம் நுழைவதில்லை, புதிய பதிவு சேர்க்கும் நாளில் மட்டும் திறப்பேன். குழு 'வீட்டார்'. கோப்புறைக்கு 2750, கோப்புக்களுக்கு 440. வீட்டார் கேட்கலாம். வேறு யாருக்கும், விருந்தினருக்கும்கூட, அது கண்ணில் படாது. ஒலிபரப்பும் மென்பொருளுக்கும் தெரியாது. அம்மா சொன்னவை எங்களுக்குச் சொன்னவை.

அதற்கு மேலும் ஒரு பூட்டு போட்டேன். இஎக்ஸ்ரி4 வன்தட்டில் ஒரு கோப்பை 'மாற்றமுடியாதது' என்று குறிக்க 'சிஎச்அட்ர்' என்று வேறொரு கட்டளை இருக்கிறது. அந்தக் குறி இருக்கும்வரை நிருவாகியாலும் அழிக்க முடியாது, முதலில் குறியை எடுக்கவேண்டும். அந்த இரண்டு படிகளுக்கு இடையில் மனிதனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஆனால் அனுமதி, காப்புப் பிரதி ஆகாது. வன்தட்டு பழுதானால், வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தால் 440 என்ன, 000 என்ன, எல்லாம் ஒன்றுதான். 'குரல்கள்' கோப்புறையின் பிரதி ஒன்று இப்போது அக்காவிடம் ஒஸ்லோவில் இருக்கிறது, இன்னொன்று என் அலுவலக மேசை லாச்சியில். முதலிலேயே இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதியை எழுதவேண்டி வந்திராது.

எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மருமகனைக் கீழே கூப்பிட்டேன். 'திருத்துவோர்' குழுவில் இரண்டாவது ஆள் நீதான் என்றேன். பாமினி எழுத்துருப் பெயர்களை யுனிக்கோடுக்கு மாற்றத் தெரிந்தவன் வீட்டில் அவன் ஒருவன்தான். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மாமா, நான் திரும்பவும் ஏதும் அழிச்சுப்போட்டா?" என்று கேட்டான்.

"அழிச்சுப் பார்" என்றேன்.

அனுமதி வைத்தபின் அதைச் சோதிப்பதற்குச் சரியான வழியும் அதுதான். நம்முடைய கணக்கில் நின்று சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மற்றவருடைய கணக்கில் நுழைந்து, செய்யக்கூடாததைச் செய்து பார்க்கவேண்டும். அவன் தன் கணக்கில் நுழைந்து 'குரல்கள்' கோப்புறைக்குப் போனான். 4 நிமிடக் கோப்பை அழிக்கும் கட்டளையை மெதுவாக அடித்தான். எழுதும் அனுமதி இல்லாத கோப்பு, அழிக்கவா என்று கணினி கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். ஓம் என்று தலையாட்டினேன். ஆம் என்று அடித்தான். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

இன்னொருதரம் அடித்துப் பார்த்தான். அதே வரி. பிறகு ஒலிபெருக்கியைப் பூட்டச் சொல்லிவிட்டு, அவன் பிறக்க முன்னரே காலமான அம்மம்மாவின் குரலைப் போட்டான். இரண்டாவது நிமிடத்தில் குரல் கீச்சென்று மேலே ஏறியது. "இதென்ன மாமா, இந்த இடத்தில?" என்று கேட்டான்.